ரவுண்ட்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளை விரிப்பு

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்கும் உரிமை அவர்களுக்குத்தான். எனக்கு ஓய்வு பெற இன்னும் வெகுகாலம் இருக்கிறது. என் மகள் இன்னும் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டவில்லை. ஆனாலும் முந்திக்கொண்டு எழுதுகிறேன். வருகிற ஜூனில், நர்சுகளாகிய உங்களில் சிலர் வேலையை விட்டுவிட்டு மறுபடி கல்லூரிக்குப் போகிறீர்கள். ஏற்கனவே போய் வந்தவர்களிடம் விசாரித்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருப்பார்கள்: "நல்லா இருந்துச்சுப்பா."

நம் தொழிலில் "நல்லா" என்ற சொல்லைப் போல ஆபத்தானது வேறில்லை. அந்தச் சொல்லை நம்பி ஒரு வார்டு முழுக்க நிம்மதியாக நின்றுகொண்டிருக்க, கடைசிக் கட்டிலில் ஒரு பெண் செத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன், மாணவிச் சீருடையில் நான் அங்கே எப்படிப் போய் நின்றேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

டிப்ளமோ முடித்து வேலையில் இருக்கும் நர்சுகள் இரண்டு வருடம் மறுபடி படித்துப் பட்டம் வாங்குகிற படிப்பு. நாம் போஸ்ட் பேசிக் என்போம். 2007இல் அதற்குச் சிதம்பரத்துக்கு வெளியே, வயல் நடுவில் கட்டியிருந்த ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. வீடு கடலூரில். மகளுக்கு எல்.கே.ஜி. ஆரம்பிக்கும் அதே ஜூனில் எனக்கும் வகுப்பு ஆரம்பித்தது. என் கணவர் நியாயமான மனிதர். எதையும் தடுக்க மாட்டார், விசாரிக்க மட்டும் செய்வார்.

"படிச்சு முடிச்சா டாக்டரா?"

"இல்ல."

"அப்ப?"

"நர்ஸ்தான்."

"இப்ப என்னவா இருக்கே?"

"நர்ஸ்."

"சரி" என்று பேப்பரைப் புரட்டினார்.

அத்தை, அதாவது என் மாமியார், அக்கம்பக்கத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வூட்டுல ரெண்டு புள்ளைங்க பள்ளிக்கூடம் போவுதுங்க. சின்னது அழுவாம போவுது. பெருசுதான் பஸ் ஸ்டாண்டுல நின்னு மூக்க உறிஞ்சுது."

பொய் இல்லை. நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். ஆலப்பாக்கம் தாண்டும்போது கேஸை மூடினேனா என்று தோன்றும். புதுச்சத்திரத்தில், குழந்தைக்குக் கொடுத்தது காய்ச்சல் மருந்தா இருமல் மருந்தா என்று தோன்றும். வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறும்போது, இந்தப் படிப்பே தவறோ என்று தோன்றும். பாலம் இறங்கியதும் அடையாள அட்டையை மறந்துவிட்டேனோ என்று பையைத் துழாவுவேன். இருக்கும். திரும்பி வரும்போது அதே வரிசை தலைகீழாக நடக்கும்.

கல்லூரியில் எங்களுக்கு ட்யூட்டராக வந்தவர் என்னைவிடச் சிறியவர். படித்து முடித்த சூட்டோடு பாடம் நடத்த வந்திருந்தார். முதல் வாரம் கை கழுவுவது எப்படி என்று கற்பித்தார். இரண்டாம் வாரம் படுக்கை விரிப்பது. வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் பல வருடம் வார்டில் உழன்றவர்கள். சுனாமி வந்த அன்று தேவனாம்பட்டினத்திலிருந்து ஆட்களைத் தூக்கிவந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். அன்று எந்தக் கட்டிலுக்கும் விரிப்பு மூலை மடிக்கவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. மூலையை நாற்பத்தைந்து டிகிரிக்கு மடித்துக் காட்டினேன். "நாட் பேட்" என்றார்.

மற்றொரு பாடம், வெளிநாடுகளில் உள்ள நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவியைப் பற்றியது. அங்கே மேற்படிப்பு படித்த நர்ஸ் தானே நோயாளியைப் பரிசோதிப்பார், தானே முடிவெடுப்பார், மருந்தும் எழுதுவார். இங்கேயும் அந்தக் காலம் வரப்போகிறது, அதற்குத்தான் உங்களைத் தயார்செய்கிறோம் என்றார் ட்யூட்டர். தேர்வுக்கு வரக்கூடிய கேள்வி என்பதால் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். அடுத்த வகுப்பு, வார்டில் நடந்துகொள்ளும் முறை: பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மாணவிகள் கட்டிலின் தலைமாட்டில் கைகளைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். கேட்டால் ஒழியப் பேசக் கூடாது. பேசினால் நடத்தைக்கான மதிப்பெண் போகும், தேவைப்பட்டால் ஆளே போக வேண்டியிருக்கும். தானே முடிவெடுக்கிற காலமும் வாயைத் திறக்கக் கூடாத காலமும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம்.

இனி அந்த வார்டு. கல்லூரி எங்களை அனுப்பிய பிரசவ ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். நீங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த வார்டு அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும்.

காலை ரவுண்ட்ஸ் என்றால் அங்கே கல்யாண மண்டபத்துக்குச் சம்பந்தி வருவது மாதிரி. கூட வந்திருக்கும் அம்மா, அத்தை, நாத்தனார் எல்லோரையும் பிளாஸ்க்கோடும் தூக்குவாளியோடும் வராந்தாவுக்கு விரட்டுவோம். கட்டிலுக்கடியில் இருக்கும் பைகளை ஜன்னலுக்கு வெளியே வைப்போம். எல்லாக் கட்டிலுக்கும் துவைத்த வெள்ளை விரிப்பு. பிள்ளை பெற்றவர்களுக்கு ரத்தம் உறிஞ்சும் பேடு மாற்றி, பழையதைப் பக்கெட்டோடு வெளியே அனுப்பி, தலை வாரி, கழுத்து வரை போர்த்திவிடுவோம். பிரஷர் பார்க்கும் கருவி, ஊசிகள், அவசர மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு டிராலியில் பச்சைத் துணி விரித்து அடுக்கி வார்டின் நடுவில் நிறுத்துவார்கள். ரவுண்ட்ஸ் முடியும் வரை அதை யாரும் தொடக் கூடாது. அவசரத்துக்கு வைத்த மருந்தை அவசரத்துக்கு எடுத்துவிட்டால் அடுக்கு கலைந்துவிடும் அல்லவா?

நோயாளிகளுக்கும் ஒத்திகை உண்டு. "மேடம் வந்து எப்டி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன் மேடம்னு சொல்லணும். அங்க வலிக்குது, இங்க இழுக்குதுன்னு ஆரம்பிக்கக் கூடாது. புரியுதா?" வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டே போவார். மேடம் என்றால் பெரிய டாக்டர்.

அந்த சிஸ்டரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். உழைப்பாளி. ஒரு தடவை ரவுண்ட்ஸில் ஏதோ ஒரு விரிப்பில் சின்னக் கறை இருந்ததற்காக மேடம் அவரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். கறைக்குத் திட்டு விழுந்த வார்டில் கறை மறையும். ரத்தம் போவது நிற்குமா என்று அந்த வார்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

செல்விக்கு அன்று விடியற்காலையில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிச்சாவரம் பக்கம் ஊர், தலைப்பிரசவம். கூட இருந்த அவள் அம்மா, பிரசவ அறையிலிருந்து கட்டிலுக்கு வந்த கையோடு பழைய சேலையைக் கிழித்து மகள் வயிற்றை இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டார். பிள்ளை பெற்ற வயிறு தொங்கிவிடக் கூடாது என்று நம் ஊர்ப்பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். எனக்கும் அத்தை கட்டிவிட்டிருக்கிறார்.

ரவுண்ட்ஸுக்கு முன் படுக்கை விரிக்கும் வேலை எனக்கு. செல்வியின் விரிப்பை எடுத்தபோது அடியிலிருந்த ரப்பர் ஷீட் வரை நனைந்திருந்தது. புதுப் பேடு வைத்தேன். பக்கத்துக் கட்டிலை விரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அதுவும் நனைந்திருந்தது.

"சிஸ்டர், கடைசிக் கட்டில் செல்விக்கு ரத்தம் ஜாஸ்தியா போவுதுன்னு நெனக்கிறேன்" என்றேன் இன்சார்ஜிடம்.

"புள்ள பெத்தா ரத்தம் போவாம பன்னீரா போவும்? நீ வேல பாத்துட்டு வந்தவதானே? புதுசா பாக்குற மாதிரி கேக்கறே."

"அதுக்கு இல்ல சிஸ்டர். இதுக்கு முன்னாடி எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சா..."

"அதெல்லாம் பக்கெட்டோட போயாச்சு. மேடம் கார் கேட்டுக்குள்ள வந்துடுச்சாம், வாட்ச்மேன் போன் பண்ணிட்டான். நீ விரிப்பப் போடு மொதல்ல."

என்னோடு இருந்த சின்ன மாணவி ஒருத்தியைக் கேட்டேன். "ஆமாக்கா, நானும் செல்விக்கு மாத்தினேன். ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். இன்னொருத்தியைக் கேட்டேன். அவளும் ஒன்றுதான் மாற்றியிருந்தாள். அதற்கு முந்திய ஷிப்டில் ஆயாம்மா மாற்றியிருக்கிறார், அவரும் ஒன்றுதான். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொருத்தரும் பார்த்தது ஒரு நனைந்த பேடு. ஒரு பேடு நனைவது சாதாரணம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் அந்த ரத்தம் கண்முன்னால் இருக்க வேண்டும். அதைத்தான் நாங்கள் கூடிக் கூடி அப்புறப்படுத்திக்கொண்டிருந்தோமே.

செல்வியின் நாடியைப் பிடித்தேன். வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கொட்டாவி விட்டாள். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா."

"பச்ச ஒடம்புக்குத் தண்ணி கூடாது" என்றார் அவள் அம்மா. வராந்தாவுக்கு விரட்டப்பட்டவர், எப்படியோ மறுபடி உள்ளே வந்து நின்றிருந்தார். "ராத்திரிபூரா வலியில கெடந்தா. தூக்கம் வருது, பாவம். வுடுங்க, தூங்கட்டும்."

இப்போது என் புத்தி செய்த வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் புத்தியும் அதைத்தான் செய்யும். கொட்டாவி, தாகம், ஓடும் நாடி மூன்றும் உடம்பில் ரத்தம் குறைவதற்கு அடையாளம் என்று தெரிந்தும், அது உடனே எதிர்த்தரப்பு வக்கீலாக மாறியது. இரவெல்லாம் வலித்தவளுக்குக் கொட்டாவி வராதா? தண்ணீர் குடிக்காதவளுக்குத் தாகம் எடுக்காதா? பயந்திருக்கிறாள், நாடி ஓடாதா? நீ கேஸை மூடினேனா என்று ஆலப்பாக்கத்தில் பதறுகிறவள்தானே, இதுவும் அந்த மாதிரிதான் என்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பதில் இருந்தது. எல்லாப் பதிலும் சேர்ந்து, அவளைப் போர்த்திவிட்டுத் தலைமாட்டில் கை கட்டி நில் என்றன.

பிரஷர் பார்த்தால் தெரிந்துவிடும். கருவி டிராலியில் பச்சைத் துணிமேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். ட்யூட்டர் வார்டின் அந்தக் கோடியிலிருந்து கண்ணாலேயே "வை" என்றார். வைக்கவில்லை. பார்த்த அளவு பிடிக்கவில்லை. இன்னும் விழுந்துவிடவில்லை, ஆனால் விழத் தயாராக இருந்தது.

வயிற்றுக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"ஏய், ஏய், என்னா பண்றே? யாரக் கேட்டு அவுக்கறே?" செல்வியின் அம்மா என் கையைப் பிடித்தார். "வயிறு தொங்கிப் போவும். நாளைக்கு நீயா வந்து தூக்கி வுடுவே?"

"ஒரு நிமிஷம்மா, பாத்துட்டுக் கட்டிடறேன்."

"எல்லாம் பாத்துட்டுத்தான் கட்டுனது."

சேலைத்துணி விலகியதும் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டிய கருப்பை, தொப்புளுக்கு மேலே ஏறி, பிசைந்து வைத்த மாவாக இருந்தது. உள்ளே ரத்தம் கட்டி நின்றது. வெளியே போனதை நாங்கள் அப்புறப்படுத்தினோம், உள்ளே நின்றதைச் சேலைத்துணி மறைத்தது. இருசாராரும் அவரவர் கடமையைச் சரியாகச் செய்திருந்தோம்.

அழுத்தித் தேய்த்தேன். கட்டிகளாக வந்து விழுந்தது. கருப்பை இறுகியது. கையை எடுத்தால் மறுபடி மாவானது. ஆகவே கையை எடுக்க முடியாது. "டாக்டரக் கூப்பிடு" என்று சின்ன மாணவியை விரட்டினேன். டூட்டி டாக்டர் வாசலில் பைலோடு மேடத்தை வரவேற்க நின்றுகொண்டிருந்தார். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் வந்து பாக்கறேன்னாருக்கா."

இன்சார்ஜ் சிஸ்டர் ஓடிவந்தார். ரத்தத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. பிறகு பல வருடப் பழக்கம் அவர் கையை நீட்டியது: அலமாரியிலிருந்து ஒரு துவைத்த வெள்ளை விரிப்பை உருவிச் செல்வியின் கழுத்து வரை வீசிப் போர்த்தினார். என் கையும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

"மேடம் உள்ள வந்துட்டாங்க. ரெண்டே நிமிஷம். மூச்சுக் காட்டாத. அவுங்க போனதும் நானே டாக்டர இழுத்துட்டு வர்றேன்."

"சிஸ்டர், இவளுக்கு ரெண்டு நிமிஷம்..."

"வாய மூடு. உனக்கும் சேத்துத்தான் சொல்றேன், உன் படிப்பே போயிடும்."

அவர் செல்வியின் அம்மாவைத் தோளைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளினார். ஊர்வலம் உள்ளே வந்தது. முன்னால் மேடம், பின்னால் டூட்டி டாக்டர், அதன்பின் ட்யூட்டர், அதன்பின் சீருடைகள். முதல் கட்டில். "எப்படிம்மா இருக்கே?" "நல்லா இருக்கேன் மேடம்." இரண்டாம் கட்டில். "நல்லா இருக்கேன் மேடம்." வார்டு முழுக்க நலமோ நலம். நான் நேராக நின்றுகொண்டிருந்தேன், இடக்கை முறைப்படி முதுகுக்குப் பின்னால், வலக்கை விரிப்புக்குள்ளே. விரல்களுக்கு அடியில் அவள் கருப்பை இறுகுவதும் தளர்வதும் தெரிந்தது. தளர்கிற நேரம் நீண்டுகொண்டே வந்தது. ட்யூட்டர் என் வலக்கையைப் பார்த்தார். அதன் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. ஏதோ ஒழுங்கீனம் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

எங்கள் கட்டிலுக்கு வந்தார்கள். டூட்டி டாக்டர் வாசித்தார்: "தலைப்பிரசவம், நார்மல் டெலிவரி, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்."

மேடம் குனிந்தார். "எப்படிம்மா இருக்கே?"

செல்வியின் உதடு வெண்ணெய் நிறத்தில் இருந்தது. கண்ணைத் திறக்கவே பாடுபட்டாள். திறந்து, ஒத்திகை பார்த்தபடி, ஒரு சொல்கூடப் பிசகாமல் சொன்னாள்.

"நல்லா இருக்கேன் மேடம்."

"குட்" என்று மேடம் நகர்ந்தார். எல்லோரும் நகர்ந்தார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் விட்ட பெருமூச்சு என் காதில் விழுந்தது.

இந்த இடத்தில் எனக்குத் துணிச்சல் பிறந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். பிறக்கவில்லை. நான் நினைத்தது தவறாக இருந்தால், இரண்டு வருடம் போகட்டும், கடலூருக்குத் திரும்பிப் போய் அத்தையிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். சரியாக இருந்து பேசாமல் இருந்தால் செல்வியின் மகளிடம் என்ன சொல்வது என்றும் நினைத்தேன். இரண்டு பயத்தில் எது பெரியது என்று பார்த்தேன், அவ்வளவுதான். வீரம் ஒன்றும் இல்லை.

"இல்ல மேடம். நல்லா இல்ல" என்றேன்.

குரல் கீச்சென்று வந்தது. ஊர்வலம் நின்றது. ட்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் இடக்கையால் விரிப்பை உருவி எறிந்தேன்.

அதற்குமேல் மேடத்தைக் குறை சொல்ல மாட்டேன். கைப்பையைத் தரையில் போட்டார். என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். யார் யாரையோ பெயர் சொல்லிக் கத்தினார். டிராலி உருண்டு வந்தது, பச்சைத் துணி எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வார்டில் அன்றைக்குத்தான் அது டிராலியாக வேலை செய்தது. நடுவில் ஒரு தரம் தலையைத் தூக்கி, "எவ்வளவு ரத்தம் போயிருக்கும்?" என்று கேட்டார்.

டூட்டி டாக்டர் பைலைப் புரட்டினார்.

"யாராவது சொல்லுங்க. எவ்வளவு போச்சு?"

இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னார்: "எல்லாத்தையும் க்ளீன் பண்ணிட்டோம் மேடம்."

இப்போதும் சில சமயம் எனக்கு அந்தப் பதில் ஞாபகம் வந்து சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் வேறு ஏதோ வரும்.

செல்வியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அவள் புருஷனோடு படகு ஓட்டுகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவள் அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கட்டை அவிழ்த்ததால்தான் இவ்வளவும் வந்தது என்று அவர் நினைத்திருந்தார். அவர் பார்த்த வரிசையில் பார்த்தால் அது நியாயமான முடிவுதான்: அவிழ்க்கும் வரை மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவிழ்த்ததும் ரத்தம் கொட்டியது. நாம் படித்தவர்களும் பாதி நேரம் இப்படித்தான் காரணம் கண்டுபிடிக்கிறோம்.

சாயங்காலம் செய்தி வந்தது. பிழைத்துக்கொண்டாள். கருப்பையையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கல்லூரி முதல்வர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ட்யூட்டர் என் குற்றங்களை வரிசைப்படுத்தினார்: கேட்காமல் பேசியது, டிராலியைக் கலைத்தது, ரவுண்ட்ஸில் கையைக் கட்டாமல் நின்றது. முதல்வர் நிதானமானவர்.

"நீ செஞ்சது சரிதாம்மா. முறைதான் தப்பு."

"எந்த முறை மேடம்?"

"மொதல்ல ட்யூட்டர்கிட்ட சொல்லணும். அவுங்க இன்சார்ஜ்கிட்ட சொல்லுவாங்க. இன்சார்ஜ் டூட்டி டாக்டர்கிட்ட சொல்லுவாங்க. டூட்டி டாக்டர் மேடத்துக்கிட்ட சொல்லுவாங்க."

அந்த வரிசையில் செல்வி எங்கே வருகிறாள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அன்றைக்கான துணிச்சலை முந்தின நாளே செலவு செய்துவிட்டேன். "சரி மேடம்" என்றேன். நடத்தைக்கு வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் எனக்குத்தான். ஆனால் ஆளை அனுப்பவில்லை. பெரிய மேடம் போனில் ஏதோ சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் நோயாளியைக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி ஒரு கணம் நிற்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தை நான் எல்லா மதிப்பெண்ணுக்கும் மேலாக எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியும் திருந்தியது. எப்படித் திருந்தியது என்றும் கேளுங்கள். இனிமேல் நனைந்த பேடுகளை வெளியே அனுப்பக் கூடாது, ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு பக்கெட்டில் போட்டு வைத்து ரவுண்ட்ஸில் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் பக்கெட்டுகளுக்கு எண் எழுதினார்கள். அதற்கடுத்த நாள், மேடம் பார்க்கிற பக்கெட் அழுக்காக இருக்கலாமா என்று யாருக்கோ தோன்றியது. செல்வி வீட்டுக்குப் போகிற அன்று நான் வார்டுக்குள் நுழைந்தபோது எல்லாக் கட்டிலின் காலடியிலும் பக்கெட் இருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, துடைத்து, காலியாக, வரிசையாக.

ஆகவே, போகிறவர்களே, புதிய உத்தரவுகளை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். நீங்கள் படித்துவிட்டு வரும்போது உங்கள் கையில் பட்டம் இருக்கும், நம் நாட்டில் அந்தப் புதிய பதவியும்கூட என்றைக்காவது வரலாம். வந்தாலும் யாரோ ஒருத்தி அதற்குள் விரிப்பை மாற்றியிருப்பாள். நோயாளி என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள், ஆனால் அப்படிச் சொல்ல யார் சொல்லிக்கொடுத்தது என்றும் கேளுங்கள். சந்தேகம் முழுவதும் தீர்ந்த பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். அது தீரும்போது பெரும்பாலும் பேசுவதற்கு அவசியம் இருக்காது. பயந்தாங்கொள்ளிகளாக இருந்தால் அதற்காக வெட்கப்படாதீர்கள். பயப்படத் தெரிந்தவள்தான் போர்வையைத் தூக்கிப் பார்ப்பாள். தவறாகப் போய் எல்லோர் முன்னாலும் அசடு வழிந்த நாட்களும் எனக்கு உண்டு. அவற்றால் யாரும் சாகவில்லை, நானும்கூட.

செல்வி வீட்டுக்குப் போகிற அன்று ஆட்டோ வாசலில் நின்றது. அவள் அம்மா இன்சார்ஜ் சிஸ்டருக்கும் டூட்டி டாக்டருக்கும் பழம் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டார். என்னிடம் வந்தபோது பழம் தீர்ந்துவிட்டிருந்தது.

"நீதானே அன்னிக்குக் கட்ட அவுத்தவ?"

"ஆமாம்மா."

மகளின் இடுப்பிலிருந்து புடவையைச் சற்று விலக்கி எனக்குக் காட்டினார். "பாரு, எப்டித் தொங்குதுன்னு. அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? நாளைக்கு அவ மாமியாகாரி கேட்டா நான் என்னா பதில் சொல்லுவேன்?"

செல்விக்கு வெட்கம். "வுடும்மா" என்று புடவையை இழுத்துக்கொண்டாள். குழந்தை அவள் தோளில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆளு இருந்தாத்தாம்மா வயிறு தொங்கும்" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு மகளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே, என் காதில் விழட்டும் என்றே சொன்னார்:

"வாய் ஜாஸ்தி இந்தப் பொண்ணுக்கு."